அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால்

கேள்வி:

சார், நாங்கள் நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம். சொந்தமாக ஒரு ஏக்கர், குத்தகைக்கு இரண்டு ஏக்கர் செய்கிறோம். மகள் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ எழுதி முடித்திருக்கிறாள். ஆறாவதிலிருந்து அதே பள்ளிதான். கணக்கு, உயிரியல் இரண்டும் உள்ள குரூப். அரையாண்டில் 600-க்கு 468 எடுத்தாள். அவளுக்கு அக்ரி படிக்க ஆசை. "சேத்துல நாம கிடக்கிறது போதாதா?" என்கிறார் அவள் அப்பா. இதற்கிடையில் கோயம்புத்தூர் பக்கத்து இன்ஜினியரிங் காலேஜ் ஒன்றிலிருந்து ஒருவர் வீட்டுக்கே வந்தார். இந்த வாரத்துக்குள் 10,000 ரூபாய் அட்வான்ஸும் பத்தாவது மார்க் ஷீட் ஒரிஜினலும் கொடுத்தால் கம்ப்யூட்டர் சீட் உறுதி, 20,000 ரூபாய் ஸ்காலர்ஷிப்பும் உண்டு என்கிறார். அது போக வருஷத்துக்கு 1,20,000, ஹாஸ்டல் தனி. நகையை வைத்துக் கட்டிவிடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். மகன் ஐ.டி.ஐ. முடித்து ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான், அவனும் கொஞ்சம் தருவான். என்ன செய்யலாம் சார்?

பதில்:

அம்மா, வணக்கம். அந்தப் பத்தாயிரத்தைக் கட்டாதீர்கள். மார்க் ஷீட்டையும் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம், இதை மட்டும் இன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள்.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய மாதிரி ரசீதின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கல்லூரியின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. ஆனால் கவுன்சலிங் கோடு எண் எங்கேயும் இல்லை, முத்திரை இல்லை, எந்தப் படிப்புக்கு என்றுகூட எழுதவில்லை. அடியில் பொடி எழுத்தில் "எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது" என்று மட்டும் தெளிவாக இருக்கிறது. வகுப்பு தொடங்குவதற்கு முன்பே ஒரு மாணவர் விலகினால், 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்காமல் மீதியைத் திருப்பித் தரவேண்டும் என்பது அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் விதி. ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவும் 2018-லேயே சொல்லிவிட்டது. விதி உங்கள் பக்கம்தான். ஆனால் மார்க் ஷீட்டைத் திரும்ப வாங்க நீடாமங்கலத்திலிருந்து கோயம்புத்தூருக்கு நாலு நடை அலைந்தவர்களிடம் கேட்டால் தெரியும், விதி இருப்பதும் காகிதம் கைக்கு வருவதும் ஒன்றல்ல.

பத்தாயிரம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். எனக்குக் கவலை அதைப் பற்றி அல்ல. அவர் கொடுப்பதாகச் சொல்லும் சீட் நிர்வாக ஒதுக்கீட்டு சீட், அதாவது கவுன்சலிங் இல்லாமல் கல்லூரியே நேரடியாக நிரப்பிக்கொள்ளும் இடம். அந்த வழியாக உள்ளே போனால் உங்கள் மகளுக்கு அரசு வைத்திருக்கும் கதவுகளில் பெரும்பாலானவை அன்றைக்கே சாத்திக்கொள்ளும். எந்தக் கல்லூரி என்று எல்லோரும் கேட்கிறார்கள். எந்த வழியாகச் சேர்கிறோம் என்பதில்தான் பணம் இருக்கிறது. அதே கல்லூரி, அதே வகுப்பு, பக்கத்து பெஞ்சில் உட்காரும் பிள்ளை கவுன்சலிங்கில் வந்திருந்தால் ஒரு ரூபாய்கூடக் கட்டணம் கட்டாமல் படித்துக்கொண்டிருக்கலாம்.

எப்படி என்று சொல்கிறேன். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2020-ல் மருத்துவத்தில் தொடங்கி, 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் என்று விரிந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேருகிறவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் மூன்றையும் தமிழ்நாடு அரசே ஏற்கிறது. தனியார் பொறியியல் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தாலும் இது பொருந்தும். உங்கள் கடிதத்தில் "ஆறாவதிலிருந்து அதே பள்ளிதான்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் நகையைவிட விலை அதிகமுள்ள சொத்து அந்த ஒரு வரிதான் அம்மா.

பொறியியலுக்குக் கணக்கில் 100, இயற்பியலில் 50, வேதியியலில் 50 என்று மாற்றி 200-க்குக் கட்-ஆஃப் போடுவார்கள். அதனால் 600-க்கு 468 என்பதை வைத்து இப்போது எதுவும் சொல்ல முடியாது. ரிசல்ட் வந்ததும் மூன்று பாட மதிப்பெண்ணைத் தனியாகப் பாருங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தனித் தரவரிசை என்பதால், பொதுப் பட்டியலில் எட்டாத கல்லூரிகூட இதில் எட்டும். பொது, 7.5 இரண்டிலும் மகள் கலந்துகொள்ளலாம். ஆனால் கட்டணச் சலுகை 7.5-ல் ஒதுக்கப்படும் இடத்துக்குத்தான். இரண்டிலும் இடம் வந்தால், சம்மதம் கொடுக்கும் முன் அதை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது முதல் பட்டதாரி சலுகை. மகன் ஐ.டி.ஐ. முடித்திருப்பதால் இது கிடைக்காது என்று யாராவது சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம். ஐ.டி.ஐ. பட்டம் அல்ல. நீங்கள், உங்கள் வீட்டுக்காரர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர்கள் என யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் மகள்தான் முதல் பட்டதாரி. இதற்கு வருமான வரம்பு கிடையாது. ஒருவேளை 7.5-ல் இடம் அமையாமல் பொது கவுன்சலிங்கில் சேர்ந்தால் கல்விக் கட்டணம் குறைவதற்கு இதுதான் வழி. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு இந்தச் சலுகையும் இல்லை.

அப்புறம் புதுமைப்பெண் திட்டம். 2022 செப்டம்பரில் தொடங்கியது, அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்குப் படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தனியாக வரும். கல்லூரியில் சேர்ந்த பிறகு அங்கேயே விண்ணப்பம் வாங்குவார்கள். உங்கள் சமூகம் எதுவென்று நீங்கள் எழுதவில்லை, எனக்குத் தெரியவேண்டியதும் இல்லை. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர், பழங்குடியினர் என அந்தந்தத் துறைகள் தரும் உதவித்தொகைகளுக்கு ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம். மூன்று ஏக்கர் நெல் விவசாயத்தில் நீங்கள் அந்த வரம்புக்குள்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பொறியியலில் சேர்ந்தால் மத்திய அரசின் பிரகதி உதவித்தொகை என்று ஒன்று உண்டு. மாணவிகளுக்கு மட்டும், வருஷத்துக்கு 50,000 ரூபாய், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்கவேண்டும். இதை வேறு அரசு உதவித்தொகையோடு சேர்த்து வாங்குவதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது, அதனால் எது லாபம் என்று கணக்குப் போட்ட பிறகு விண்ணப்பியுங்கள். வீட்டில் யாரிடமாவது உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை இருந்தால் அதிலும் பிள்ளைகளின் படிப்புக்கு உதவி உண்டு. அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு "சரி, ரிசல்ட் வரட்டும் பார்க்கலாம்" என்று இருந்துவிடாதீர்கள். ஒவ்வொரு வருஷமும் நம் பக்கத்துப் பிள்ளைகள் சலுகையைத் தவறவிடுவது மார்க் குறைந்து அல்ல, காகிதம் தயாராக இல்லாமல்தான். ரிசல்ட் மே மாதம் வரும். வந்த மறுநாள் இ-சேவை மையத்தில் கூட்டம் தெருவரை நிற்கும், சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும், வி.ஏ.ஓ.வும் ஆர்.ஐ.யும் நூறு விண்ணப்பத்துக்கு நடுவில் இருப்பார்கள். இப்போதே போனால் நிதானமாக முடியும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் மூன்றுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். பழைய வருமானச் சான்றிதழ் இருக்கிறதே என்று விடவேண்டாம், அது ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றைத் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். நடுவில் ஒரு வருஷம் வேறு அரசுப் பள்ளியில் படித்திருந்தால் அதற்கும் சேர்த்து.

இன்னொரு விஷயம் இருக்கிறது, பார்ப்பதற்கு அற்பமாகத் தெரியும். மகளின் ஆதார் அட்டை, பத்தாவது மார்க் ஷீட், வங்கிப் பாஸ்புக் மூன்றையும் தரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா? ஒன்றில் இனிஷியல் முன்னால், ஒன்றில் பின்னால், ஆதாரில் இனிஷியலே இல்லாமல் அப்பா பெயர் முழுதாக ஒட்டிக்கொண்டு, பாஸ்புக்கில் ஒரு எழுத்து கூடுதலாக என்று இருக்கும். பிறந்த தேதியில் ஒரு நாள் வித்தியாசம் இருக்கும். கம்ப்யூட்டருக்கு அது வேறு ஆள். மார்க் ஷீட்டில் உள்ளதுதான் மூலம், அதற்கு ஏற்றபடி ஆதாரையும் வங்கிக் கணக்கையும் திருத்திக்கொள்ளுங்கள். வங்கியில் கேட்கும்போது "ஆதார் இணைத்திருக்கிறதா" என்று மட்டும் கேட்காதீர்கள். "அரசுப் பணம் நேரடியாக வருவதற்கு இந்தக் கணக்கு இணைந்திருக்கிறதா, கணக்கு செயல்பாட்டில் இருக்கிறதா" என்று கேளுங்கள். எட்டாவது படிக்கும்போது பள்ளியில் தொடங்கிக் கொடுத்த கணக்கு, நாலு வருஷமாக ஒரு வரவும் செலவும் இல்லாமல் முடங்கிக் கிடக்கும். உதவித்தொகை அதற்குப் போய் முட்டித் திரும்பிவிடும்.

இப்போது மகளின் ஆசைக்கு வருகிறேன். உங்கள் வீட்டுக்காரரின் பேச்சை நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவைத்துவிட்டு ஈரப்பதம் கூடுதல் என்று திருப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் ராத்திரி முழுக்கக் காவல் இருந்தவர், தன் மகள் இந்தப் பக்கமே வரவேண்டாம் என்று நினைப்பது பாசத்தில்தான். ஆனால் அவரிடம் இதைச் சொல்லுங்கள்: குறுவைக்கு அவர் விதைக்கும் ஏ.டி.டி. 36, ஏ.டி.டி. 43 எல்லாம் எங்கிருந்து வந்தன? ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து. 1922-ல் தொடங்கிய நிலையம் அது. அந்த ரகங்களை உருவாக்கியவர்கள் வேளாண்மை படித்தவர்கள். அக்ரி படிப்பது என்றால் நாற்று நடப் போவது அல்ல. அரசுத் தேர்வாணையம் எடுக்கும் வேளாண்மை அலுவலர் வேலை, வங்கிகளில் வேளாண் கள அலுவலர் வேலை, விதைச் சான்றளிப்பு, விதை மற்றும் உர நிறுவனங்கள், மேற்படிப்பு, ஆராய்ச்சி என்று போகலாம். அந்த வேலைகளுக்குப் போட்டியும் கடுமை, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். படித்து முடித்த அன்றே வேலை என்று இதிலும் இல்லை, கம்ப்யூட்டரிலும் இல்லை.

வயலைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, அதன் கஷ்டம் தெரிந்தும் அக்ரி கேட்கிறாள் என்றால் அந்த ஆசையை நான் மதிப்பேன். வேளாண் கல்லூரிகள் நமக்குத் தூரமும் இல்லை. ஈச்சங்கோட்டையில் இருக்கிறது, கீழ்வேளூரில் இருக்கிறது, திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் இருக்கிறது. எல்லாம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சொந்தக் கல்லூரிகள். இவற்றில் இடம் கிடைப்பது பொறியியலைப் போல எளிதல்ல, இடங்கள் மிகவும் குறைவு. 7.5 சதவீதம் இங்கேயும் உண்டு என்பதுதான் உங்கள் மகளுக்குப் பலம். தனியார் வேளாண் கல்லூரி என்று வந்தால் செலவு வேறு மாதிரி ஆகும். அதிலும் கவுன்சலிங் வழியாக மட்டும் பாருங்கள். நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உயிரியல் படித்த பிள்ளை அந்த விண்ணப்பங்களையும் விட்டுவிடக் கூடாது.

வேளாண்மைக்கு ஒன்று, பொறியியலுக்கு ஒன்று, அரசு கலை அறிவியல் கல்லூரிக்கு ஒன்று என்று எல்லா விண்ணப்பமும் போடட்டும். அரசு கலைக் கல்லூரி விண்ணப்பத்துக்கு ஐம்பது ரூபாய்தான் செலவு. மன்னார்குடியிலும் திருவாரூரிலும் அரசுக் கல்லூரி இருக்கிறது, கும்பகோணத்தில் பெண்களுக்கென்றே அரசுக் கல்லூரி இருக்கிறது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. வீட்டிலிருந்து போய்வந்து, தாவரவியலோ வேதியியலோ படித்து, புதுமைப்பெண் பணத்திலேயே செலவைச் சமாளித்து, பிறகு பெரிய பல்கலைக்கழகத்தில் முதுகலைக்குப் போன பிள்ளைகள் எனக்குத் தெரியும். 1,20,000 கட்டி, பெயர் தெரியாத கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பதைவிட அது எந்த விதத்திலும் குறைவில்லை. என் மகளாக இருந்தால் நான் அப்படித்தான் முடிவெடுப்பேன்.

பொறியியல் விருப்பப் பட்டியல் நிரப்பும்போது ஒரு எச்சரிக்கை. பாஸ்வேர்டையும் செல்போனுக்கு வரும் ஓ.டி.பி.யையும் யாரிடமும் கொடுக்கக் கூடாது. "நான் நிரப்பித் தருகிறேன்" என்று வீட்டுக்கு வருகிறவர், தனக்கு வேண்டிய கல்லூரியை முதலில் போட்டுவிட்டுப் போய்விடுவார். அரசு அமைத்திருக்கும் உதவி மையங்களில் இலவசமாகவே நிரப்பித் தருகிறார்கள், மகளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். ஒரு கல்லூரியைப் பற்றித் தெரியவேண்டும் என்றால், அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் தேர்ச்சி விகிதப் பட்டியலில் அந்தக் கல்லூரி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பஸ் நிலையத்தில் மாட்டியிருக்கும் பிளெக்ஸைப் பார்க்கவேண்டாம்.

பணத்துக்கு வருவோம். நம் டெல்டாவில் பெரிய சிக்கல் பணம் இல்லாதது மட்டுமல்ல, பணம் வரும் மாதமும் கட்டவேண்டிய மாதமும் பொருந்தாததும்தான். சம்பா நெல்லுக்குப் பணம் மாசி, பங்குனியில் வருகிறது. மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-ல் திறந்தால் நாற்றங்கால், உழவு, உரம் என்று கையில் இருப்பதெல்லாம் குறுவைக்குள் போய்விடும். கல்லூரி சேருவது ஆடியை ஒட்டி. வீடு சுத்தமாகக் காலியாக இருக்கிற நேரம் அது. அந்த நேரத்தில்தான் நகை அடகுக்குப் போகிறது. அதனால் சம்பா பணத்தில் மீதி இருந்தால், குறுவைச் செலவுக்குத் தொடுவதற்கு முன்பே ஒரு பதினைந்து, இருபதாயிரத்தை மகள் பெயரில் ஒதுக்கி வைத்துவிடுங்கள். அரசு கட்டணம் கட்டினாலும் பெட்டி, படுக்கை, துணிமணி, புத்தகம், முதல் மாதச் செலவு என்று அது தேவைப்படும். மகன் தருவதாகச் சொன்னதை இதற்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

அதற்கு மேலும் தேவைப்பட்டால் கல்விக் கடன் கேளுங்கள். நகைக்கு முன்னால் அதுதான் வரவேண்டும். 4 லட்சம் வரை நம் கையிலிருந்து பங்குத்தொகை போடவேண்டியதில்லை, 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது. படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான் தவணை தொடங்கும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தரமதிப்பீடு பெற்ற இடத்தில் தொழிற்படிப்பு படித்தால், அந்தக் காலத்துக்கான வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டமும் இருக்கிறது. வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்து அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வங்கியில் வாய்ப்பேச்சாக "இப்போது கடன் இல்லை" என்றால், மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நகையை வைத்தே ஆகவேண்டும் என்று வந்தாலும், சீட் ஒதுக்கீடு கைக்கு வந்த பிறகு, கூட்டுறவு சங்கத்திலோ வங்கியிலோ வையுங்கள். தனியார் அடகுக் கடைக்குப் போகவேண்டாம்.

பிளஸ் ஒன் முடித்துப் பிளஸ் டூ போகும் பிள்ளைகளின் பெற்றோரும் இதைப் படித்தால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பத்துக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, திருவாரூர் நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. முதலாவதற்கு ஜே.இ.இ. மெயின், இரண்டாவதற்கு க்யூட் என்ற மத்தியப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதவேண்டும். அந்த விண்ணப்பங்கள் ரிசல்ட் வருவதற்கு முன்பே முடிந்துவிடும். ரிசல்ட் வந்த பிறகு விசாரித்தால் அந்த வருஷம் போனதுதான். டிசம்பரிலிருந்தே கவனியுங்கள்.

அம்மா, அந்த ஆள் இந்த வாரம் மறுபடி வருவார். "கவுன்சலிங்கில் பார்த்துக்கொள்கிறோம், உங்கள் கல்லூரி கோடு எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்" என்று உங்கள் வீட்டுக்காரரையே சொல்லச் சொல்லுங்கள். திங்கட்கிழமை இ-சேவை மையத்துக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவள் கையெழுத்தும் போட்டோவும் வேண்டியிருக்கும். ரிசல்ட் வந்த அன்று ஒவ்வொரு பாட மதிப்பெண்ணையும் எழுதி அனுப்புங்கள். எந்தக் கல்லூரியை எந்த வரிசையில் போடலாம் என்று பார்த்து எழுதுகிறேன்.